1994 இல் அவர் சாகவில்லை: மிக்கேலே சோவாவியை முன்வைத்து ஒரு சண்டை

மிக்கேலே சோவாவி என்ற இத்தாலியரைப் பற்றி யார் எழுதினாலும் கதை ஒரே மாதிரித்தான் போகும். பேய்ப்படங்களில் சின்ன வேடங்களில் வந்து செத்துப்போகிற ஒரு பெடியன். பிறகு உதவி இயக்குனர். பிறகு நாலே நாலு படங்கள். நாலாவது படம் 1994 இல் வந்தது, அற்புதம். அதோட ஆள் காணாமல் போயிட்டார். கடைசியில ஒரு பெருமூச்சு: தொடர்ந்து எடுத்திருந்தால் எங்கேயோ போயிருப்பார்!

அந்தப் பெருமூச்சோடதான் எங்களுக்குச் சண்டை.

முதலில் ஒரு திருத்தம். ஆள் எங்கேயும் காணாமல் போகவில்லை. 1957 இல் மிலானில் பிறந்த சோவாவி, 1994 க்குப் பிறகும் தொலைக்காட்சிக்கும் தியேட்டருக்குமாகப் பத்துக்கு மேற்பட்டவற்றை இயக்கியிருக்கிறார். அவற்றைப் பார்க்காமலே அவருக்கு அந்தியேட்டி செய்து முடித்தவர்கள் அவருடைய ரசிகர்கள்தான். இது வேடிக்கையான விசயம். அதைவிட, இதில் ஒரு அரசியல் இருக்கு. அதைத்தான் கதைக்கப் போகிறோம்.

ஒரு பக்கம் ‘உலக சினிமா’க்காரர். எங்கட கம்பசில சினிமா பற்றிக் கதை தொடங்கினால் இத்தாலி என்றதும் டி சிக்கா, ஃபெலினி, அன்ரோனியோனி என்று மூன்று பேர் வருவினம். மூன்று பேரும் பெரிய ஆக்கள், அதில எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தப் பட்டியலுக்கு வெளியே கத்தி, இரத்தம், முகமூடி என்று ஏதாவது கதைத்தால் முகத்தைச் சுழிப்பினம். மற்றப் பக்கம் ‘கல்ட்’ படக்காரர். அவைக்கு இரத்தம் பிடிக்கும், முகமூடி பிடிக்கும். சோவாவியைத் தலையில வைத்துக் கொண்டாடுவினம், 1994 மட்டும். பிறகு அவர் ரீவிக்குப் போனார் என்றதும் இவையும் அதே முகத்தைத்தான் சுழிப்பினம். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே நோய். வேலை எந்த இடத்தில நடக்குது என்று பார்த்துத்தான் அந்த வேலைக்கு மதிப்புப் போடுவினம். வேலையைப் பார்க்க மாட்டினம்.

சரி, வேலையைப் பார்ப்போம்.

1980 இல் லூச்சியோ ஃபுல்ச்சி எடுத்த ‘வாழும் பிணங்களின் நகரம்’ படத்தில் சோவாவிக்கு ஒரு சின்ன வேடம். காருக்குள்ள ஒரு பெண்ணோட இருப்பார். செத்த பாதிரியார் ஒருவர் வெளியே தோன்றுவார். கொஞ்ச நேரத்தில் பின்பக்கமிருந்து ஒரு கை வந்து இவருடைய மண்டையைப் பிய்த்துவிடும். அவ்வளவுதான் வேடம். ஜோ தமாத்தோவின் படங்களிலும் தலைகாட்டினார். லம்பேர்த்தோ பாவாவின் ‘இருளில் ஒரு கத்தி’யில் நடித்துக்கொண்டே உதவி இயக்குனராகவும் வேலை செய்தார். தாரியோ அர்ஜென்தோவின் ‘தெனெப்ரே’, ‘ஃபெனோமெனா’ இரண்டிலும் அப்பிடித்தான். 1985 இல் வந்த ‘பிசாசுகள்’ படத்தில் பாதி முகத்தை உலோகத்தால் மூடிக்கொண்டு பெர்லின் சுரங்க ரயிலில் சினிமா ரிக்கெட் குடுத்துத் திரிகிற ஆள் அவர்தான். அந்தப் படத்திலும் கமெராவுக்குப் பின்னால உதவி இயக்குனர் அவரே.

இந்தக் காலத்தை எழுதுகிறவர்கள் ‘போராட்ட காலம்’ என்று ஒற்றை வரியில் கடந்துவிடுவார்கள். எங்களுக்கு இதுதான் முக்கியமான பகுதி. அந்தப் படங்களில காசு குறைவு, நாட்கள் குறைவு. ஒரே ஆள் காலையில நடிக்கவேணும், மத்தியானம் மற்ற நடிகர்களை ஒழுங்குபடுத்தவேணும். கொல்லப்படுகிற இடத்தில நின்று பார்த்தவனுக்குத்தான் கத்தி எந்தப் பக்கத்தால வந்தால் பயம், எந்தப் பக்கத்தால வந்தால் சிரிப்பு என்று தெரியும். இந்தப் படிப்பை எந்தக் கலைப்பீடமும் தராது. நாங்கள் கலைப்பீடத்தில இருந்துகொண்டுதான் இதைச் சொல்லுறம்.

1987 இல் தமாத்தோ காசு போட, பல படங்களில் நெடிய வில்லனாக வந்த நடிகர் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் கதை எழுத, சோவாவியின் முதல் கதைப்படம் வந்தது: ‘தெலீரியா’. ஒரு நாடகக் குழு ஒத்திகை பார்க்குது. மனநோய் வைத்தியசாலையிலிருந்து தப்பிய கொலைகாரன் ஒருத்தன் குழுவின் உடைகள் பார்க்கிற பெண்ணை வெளியே வைத்துக் கொன்றுவிடுகிறான். பொலிஸ் வந்து உடலைக் கொண்டுபோகுது. அப்ப நாடக இயக்குனர் என்ன செய்யிறார்? நாடகத்தில் வருகிற கொலைகாரனுக்கு அந்த உண்மைக் கொலைகாரனின் பெயரையே வைக்கிறார். நல்ல விளம்பரம் கிடைக்குமாம்! இராத்திரியோட இராத்திரியா ஒத்திகையை முடிக்க வேணும் என்று கதவைப் பூட்டித் திறப்பையும் ஒளித்துவைக்கச் சொல்லுகிறார். கொலைகாரன் ஏற்கெனவே உள்ளுக்குள்ள.

அதில ஒரு காட்சி. ஆந்தை முகமூடி போட்டவன் மேடைக்கு வருகிறான். எல்லோரும் அவனைத் தங்கட சக நடிகன் என்றுதான் நினைக்கினம். இயக்குனர் கீழே இருந்து ‘கொல்லு’ என்று கத்துகிறார். அவன் உண்மையிலேயே கொல்லுகிறான். பார்த்துக்கொண்டிருந்தவைக்கு அது நடிப்பில்லை என்று விளங்க நேரமெடுக்குது. கலை, நிறைவு, அர்ப்பணிப்பு என்று கத்துகிற ஒரு முதலாளியின் கட்டளையில ஒரு உழைப்பாளி செத்துப்போற காட்சி இது. சின்ன வேடக்காரனாக அஞ்சாறு வருடம் ஓடித்திரிந்தவன் எடுத்த காட்சி. இதை நாங்கள் ‘வெறும் பேய்ப்படம்’ என்று ஏன் ஒதுக்க வேணும்?

இன்னொன்றும் இருக்கு. படம் முழுக்க வெளியே மழையில ஒரு பொலிஸ் கார் நிற்குது. காவலுக்குத்தான். உள்ளே ஒவ்வொருத்தராகச் செத்துக்கொண்டிருக்க, காருக்குள்ள இருக்கிற இளம் பொலிஸ்காரன் தான் ஜேம்ஸ் டீன் மாதிரி இருக்கிறேனா என்று பக்கத்தில இருக்கிற மூத்தவரைக் கேட்கிறான். அந்தப் பொலிஸ்காரனாக நடித்தது சோவாவியேதான். ‘ஃபெனோமெனா’விலும் அவருக்குப் பொலிஸ் உதவியாளர் வேடம், அர்ஜென்தோவின் ‘ஓப்பெரா’விலும் பொலிஸ் வேடம். இந்தப் பொலிஸ் விசயத்தை மனதில வைத்திருங்கோ, பிறகு வருவோம்.

‘தெலீரியா’வுக்குப் பிறகு டெரி கில்லியம் தன்னுடைய ‘பாரன் முன்சௌசன்’ படத்தின் இரண்டாவது படப்பிடிப்புக் குழுவை சோவாவியிடம் குடுத்தார். பிறகு அர்ஜென்தோவின் தயாரிப்பில் இரண்டு படங்கள். 1989 இல் ‘லா கியேசா’, அதாவது தேவாலயம். மத்தியகாலத்தில் மாவீரர் படையொன்று ஒரு கிராமத்து மக்களைச் சூனியக்காரர் என்று சொல்லி வெட்டிக் கொன்று ஒரே குழியில போட்டு மூடுது. அந்தக் குழிக்கு மேலே பெரிய தேவாலயம் ஒன்றைக் கட்டுகிறார்கள். நூற்றாண்டுகளுக்குப் பிறகு நூலகத்துக்கு வேலைக்கு வந்த ஒருவன் ஆசையில் கீழே தோண்டி முத்திரையைத் திறந்துவிடுகிறான். கட்டிடம் தானாகவே பூட்டிக்கொள்ளுது.

கதையாகப் பார்த்தால் இடைக்கிடை தளர்கிற படம்தான். ஆனால் கூட்டுப் புதைகுழிக்கு மேல புனிதக் கட்டிடம் என்கிற அந்த ஒரு படிமம் எங்கள் அறையில இருந்த எல்லோரையும் கொஞ்ச நேரம் பேசாமல் வைத்தது. புதைகுழி என்ற சொல் இந்த நாட்டில வளர்ந்த எங்கட காதில எப்பிடிக் கேட்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆரம்பத்தில் இது ‘பிசாசுகள்’ வரிசையின் மூன்றாவது படமாகத்தான் திட்டமிடப்பட்டது. சோவாவி அந்த வரிசையிலிருந்து தன் படத்தைப் பிரித்து எடுத்தார். அந்த அளவுக்குத் தனக்கு என்ன வேணும் என்று தெரிந்த ஆள்.

1991 இல் ‘லா செத்தா’. ஒரு ஆசிரியையைச் சுற்றி ஒரு மதக்குழு மெல்ல மெல்ல வலை பின்னுகிற படம். முயல் ஒன்று ரீவி ரிமோட்டை அமத்துகிற காட்சி அதில இருக்கு. சிரிப்பும் வருது, முதுகும் சில்லிடுது.

பிறகு 1994, எல்லோரும் தலையில வைத்தாடுகிற ‘தெல்லமோர்த்தே தெல்லமோரே’. டிலன் டொக் என்ற புகழ்பெற்ற இத்தாலியச் சித்திரக்கதையை 1986 இல் உருவாக்கிய தித்சியானோ ஸ்க்லாவியின் நாவல்தான் மூலம். டிலன் டொக்கின் முகத்தை ஓவியர் வரைந்தது ரூபர்ட் எவரெட் என்ற ஆங்கில நடிகரை மாதிரியாக வைத்து. சோவாவி அதே எவரெட்டையே கதாநாயகனாகக் கூட்டிக்கொண்டு வந்தார்.

கதை இதுதான். பிரான்செஸ்கோ ஒரு சின்ன ஊரின் சவக்காலைக் காவலாளி. புதைத்தவர்களில் சிலர் ஏழு நாளில் எழும்பி வருவினம். இவர் தலையில சுட்டுத் திரும்பவும் புதைப்பார். ஏன் மேலிடத்துக்கு அறிவிக்கவில்லை? நகரசபையில இருக்கிற நண்பனிடம் சொல்லிப் பார்க்கிறார். அறிவிக்கலாம், ஆனால் அதுக்கு நிரப்ப வேண்டிய படிவங்களைக் கேட்டால் சுடுறதே சுகம் என்று இருக்கும்! கச்சேரிக்கு ஒரு கையெழுத்துக்காக மூன்று தரம் அலைந்தவர்கள் இந்த இடத்தில விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நாங்களும் சிரித்தனாங்கள்.

ஆனால் படத்தின் இரண்டாம் பாதியில சிரிப்பு வற்றுது. பிரான்செஸ்கோ உயிரோட இருக்கிறவர்களையும் கொல்லத் தொடங்குகிறார். ஒளிக்கவே இல்லை. வைத்தியசாலையில் ஆட்களைச் சுட்டுவிட்டுத் துவக்கோட நிற்கிறார். விசாரிக்க வந்த பொலிஸ் அதிகாரி, கொலைகாரன் இங்கேதான் எங்கேயோ திரிகிறான், கவனமாகப் போங்கோ என்று இவருக்கே சொல்லுகிறார். இவர் குற்றத்தை ஒப்புக்கொள்ள அலைந்தாலும் நம்ப ஆளில்லை. செய்த கொலைகளின் பேர்கூட வேறொருவருக்குப் போய்விடுகிறது. கண்ணுக்கு முன்னால நிற்கிற கொலைகாரனைப் பார்க்க மறுக்கிற ஒரு ஊர்.

இந்தப் படம் 1994 மார்ச்சில் இத்தாலியில் வெளியானது. அதே வருடம் நவம்பரில் அந்த நாட்டில் என்ன நடந்தது என்று கல்ட் படக்காரர் யாரும் எழுதுவதில்லை. 1987 தொடக்கம் பொலோஞ்ஞாவிலும் அதைச் சுற்றின பகுதிகளிலும் வங்கி, பெற்றோல் நிலையம் என்று கொள்ளையடித்து 24 பேரைக் கொன்ற ஒரு குழு பிடிபட்டது. அவர்கள் பாவித்த வெள்ளை ஃபியட் ஊனோ காரால் அவர்களுக்கு ‘ஊனோ பியாங்கா’ குழு என்று பெயர். ஆறு பேர். அதில் ஐந்து பேர் பதவியில் இருந்த பொலிஸ்காரர். ஏழு வருடமாக நாடு முழுவதும் தேடிய கொலைகாரர், தேடுகிறவர்களோட ஒரே கட்டிடத்தில கடமைக்குப் போய் வந்திருக்கினம். ரிமினியில் இரண்டு சாதாரணப் பொலிஸ்காரர் விடாமல் துருவியதால்தான் முடிச்சு அவிழ்ந்தது.

2001 இல் இந்தக் கதையை இரண்டு பகுதித் தொலைக்காட்சிப் படமாக எடுத்தவர் யார்? ‘காணாமல் போன’ மிக்கேலே சோவாவி.

இதுதான் எங்கட வாதத்தின் நடுத்தூண். ‘தெலீரியா’வில் மழைக்குள்ள காரில் இருந்து எதையும் காணாத பொலிஸ், ‘தெல்லமோர்த்தே’யில் கொலைகாரனுக்கே பத்திரம் சொல்லுகிற பொலிஸ், ‘ஊனோ பியாங்கா’வில் கொலைகாரனாகவே இருக்கிற பொலிஸ். இது ஒரு ஆளின் தொடர்ச்சியான கேள்வி. முதல் இரண்டு தரம் முகமூடியும் பிணமும் தேவைப்பட்டது. மூன்றாவது தரம் செய்தித்தாளில் வந்ததை எடுத்தாலே போதுமாக இருந்தது. முதல் இரண்டுக்கும் கைதட்டிவிட்டு மூன்றாவதை ‘ரீவி வேலை’ என்று தள்ளுகிறவருக்குப் படத்தின் இரத்தம் மட்டும்தான் பிடித்திருக்கு. அது யாருடைய இரத்தம், யார் சிந்தினது என்பதில அக்கறை இல்லை.

இப்ப, ஏன் அவர் சினிமாவை விட்டார் என்கிற கேள்வி. அவருடைய மகன் கடும் நோயில் இருந்தான். பக்கத்தில இருந்து பார்ப்பதற்காக வேலையை விட்டார். இதை எழுதுகிறவர்கள் ‘துரதிர்ஷ்டவசமாக’ என்று தொடங்குவார்கள். பிள்ளைக்கு வருத்தம் வந்ததைத் துரதிர்ஷ்டம் என்றால் சரி. ஆனால் அவர்கள் சொல்லுகிற துரதிர்ஷ்டம் எங்களுக்குக் கிடைக்காமல் போன ஐந்தாவது படம்! ஒரு தகப்பன் பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில இருந்ததைக் கலைக்கு நடந்த நட்டமாகக் கணக்குப் பார்க்கிற இந்த மனம் எங்கே இருந்து வருது? மேதை என்றால் வீட்டை மறக்க வேணும், வீட்டு வேலையை வேறு யாரோ பார்க்க வேணும் என்கிற பழைய ஆம்பிளைக் கதையில இருந்துதான். அந்த ‘வேறு யாரோ’ வழமையாக ஒரு பெண். அவளுடைய எடுக்கப்படாத படத்துக்கு யாரும் பெருமூச்சு விடுறதில்லை.

இன்னொரு காரணமும் இருக்கு, அதைச் சொல்லாமல் தனிமனிதக் கதையாக முடிக்கிறதும் பிழை. 1955 இல் இத்தாலியில் ஒரே வருடத்தில் 80 கோடிக்கு மேல் சினிமா ரிக்கெட் விற்றது. 1976 இல் அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்பொன்று தனியார் உள்ளூர் ஒளிபரப்புக்கு வழி திறந்தது. பிறகு பெர்லுஸ்கோனியின் அலைவரிசைகள் வீடுகளுக்குள்ள வந்தன. 1980 களின் நடுவில் ரிக்கெட் விற்பனை 15 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஜோ தமாத்தோ மாதிரி ஆட்கள் வேகவேகமாகப் படமெடுத்து உலகம் முழுக்க விற்ற பட்டறை சரிந்துகொண்டிருந்தது. சோவாவி தன் முதல் படத்தை எடுத்தபோதே அந்த வீட்டின் கூரையில பாதி இல்லை. 1999 இல் அவர் வேலைக்குத் திரும்பி வந்தபோது, காசும் பார்வையாளரும் இருந்த இடம் தொலைக்காட்சி. அங்கே போனார். தச்சன் மரம் இருக்கிற இடத்துக்குத்தான் போவான்.

எதிர்வாதம் ஒன்று வரும், அதையும் நாங்களே சொல்லிவிடுகிறோம். ரீவியில் எடுத்ததெல்லாம் நல்லதா? இல்லை. 2003 இல் ஈராக்கில் 19 இத்தாலியர் கொல்லப்பட்ட குண்டுவெடிப்பைப் பற்றி 2007 இல் ‘நாசிரியா’ எடுத்தார். அந்த வகைப் படைப்பில் சீருடைக்கு மாலை போடுகிற வேலைதான் முன்னுக்கு நிற்கும். இத்தாலியப் படை அங்கே ஏன் போனது என்கிற கேள்வி பின்னுக்குப் போய்விடும். 2008 இல் ‘தோற்றவர்களின் இரத்தம்’. போர் முடிகிற காலத்தில் பாசிசவாதிகள் கொல்லப்பட்டதைப் பற்றி ஜம்பவோலோ பன்சா எழுதிய புத்தகத்தின் திரைவடிவம். புத்தகமே இத்தாலியில் பெரிய சண்டையைக் கிளப்பினது. அந்தச் சண்டையில் நாங்கள் பன்சாவின் பக்கம் இல்லை. எல்லாத் தரப்பிலும் இரத்தம்தானே என்று சொல்லிச் சமன் செய்கிற கதைகள் யாருக்கு உதவும் என்று எங்களுக்கு நல்லாவே விளங்கும்.

ஆனால் பாருங்கோ, இப்பிடிச் சண்டை பிடிக்கிறதுக்கே முதலில் அவரை உயிரோட வைத்திருக்க வேணும். 1994 இல் செத்துப்போன மேதை என்று சட்டம் போட்டு மாட்டினால் பூமாலைதான் போடலாம், கேள்வி கேட்க ஏலாது.

கேள்வி கேட்கத்தக்க ஒரு படத்துக்கு உதாரணம், 2006 இல் தியேட்டருக்கு எடுத்த ‘அரிவெதேர்சி அமோரே, சாவ்’. மாசிமோ கார்லோத்தோவின் நாவல். முன்னாள் இடதுசாரிப் போராளி ஒருத்தன் தன் தோழர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டு நாட்டுக்குத் திரும்புகிறான். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: பழைய குற்றப்பதிவு சட்டப்படி அழிந்து தான் கௌரவமான குடிமகனாக வேணும். அதுக்காக ஒவ்வொரு கொலையாகச் செய்கிறான், ஒரு ஊழல் பொலிஸ் அதிகாரியின் கூட்டோட. கௌரவத்துக்கு ஏறுகிற படிக்கட்டு முழுக்கப் பிணம். ஒரு பேயும் இல்லை. ஆனால் பயமுறுத்தத் தெரிந்த ஒருவர் எடுத்த படம் என்று முதல் பத்து நிமிடத்திலேயே தெரியும்.

2018 இல் அவர் எடுத்தது பிள்ளைகளுக்கான படம், ‘பெஃபானா இரவில் வருவாள்’. பகலில் ஆசிரியை, இரவில் பரிசு கொண்டுவருகிற சூனியக் கிழவி. அந்த வேடத்தில் நடித்த பவோலா கோர்த்தெலேசி 2023 இல் தானே ஒரு படம் இயக்கினார். ‘இன்னும் நாளை இருக்கிறது’ என்ற அந்தப் படத்துக்குத்தான் அந்த வருடம் இத்தாலியில் மிகப்பெரிய வசூல். ‘தெலீரியா’வில் கடைசிவரை தப்பி நிற்கிற பெண்ணாக நடித்த பார்பரா குப்பிஸ்தி பிறகு ஆவணப்பட இயக்குனரானார். இஸ்ரேலிய, பாலஸ்தீனத் தாய்மாரைப் பற்றிய அவருடைய ‘மத்ரி’ இத்தாலியின் உயர்ந்த திரைப்பட விருதான தவீத் தி தொனத்தெல்லோவைப் பெற்றது. நடிகர் ஒருவர் கமெராவுக்குப் பின்னால போவது இத்தாலியில் ஒரு சோவாவியோட முடிகிற அதிசயமில்லை. பட்டறையில வேலை பழகினவை செய்கிற வேலை.

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். எங்கட வயதில குறும்படம் எடுக்கிற பெடியள், பெட்டையள் கனபேரை எங்களுக்குத் தெரியும். ஒருத்தன் கலியாண வீட்டுக்குக் கமெரா பிடிக்கிறான், அதைச் சொல்ல வெட்கப்படுகிறான். ஒருத்தி எடிட்டிங் செய்வாள். அம்மாவுக்குச் சுகமில்லை என்று வீட்டுக்குப் போனவள் ஒன்றரை வருடமாகத் திரும்பவில்லை. அவளைப் பற்றிக் கதைக்கும்போது, நல்ல திறமைசாலி, வீணாப்போயிட்டாள் என்று எங்கட வாயாலேயே சொன்னனாங்கள். சோவாவியின் கதையைத் தேடிப் படித்தபோதுதான் அந்தச் சொல் எவ்வளவு கேவலமானது என்று உறைத்தது. அதுக்குப் பிறகு அவளுக்கு ஒரு கோல் எடுத்தனாங்கள். வீட்டிலிருந்தபடியே ஒரு ஐந்து நிமிடப் படத்தை எடிட் செய்து தாறன் என்றிருக்கிறாள்.

அதனால உங்களிடம் ஒரு வேண்டுகோள். ‘தெல்லமோர்த்தே தெல்லமோரே’யை ஏற்கெனவே பார்த்தவர்கள் ‘ஊனோ பியாங்கா’வையும் தேடிப் பாருங்கோ. பிடிக்காவிட்டால் வந்து எங்களோட சண்டை பிடியுங்கோ, தாராளமாக. ஆனால் பார்க்காமல் பெருமூச்சு விடாதேங்கோ.